கோயில் கதவைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

சுதந்திரத்துக்கு மூன்று நான்கு வருஷம் முன்னால் நடந்தது இது. அப்போது நான் புதுக்கோட்டை சமஸ்தானத்தில், வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிறிஸ்தவ சபைக்கு உபதேசியாராக இருந்தேன். இருபத்தாறு வயது. பிரசங்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஒரு நினைப்பு!

ஐப்பசி மாதம். நான்கு நாளாக விடாத மழை. எங்கள் சபைக் கோயிலில் ஞாயிறு காலை ஆராதனையில், சத்துருவைச் சிநேகிப்பது பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பாதிகூட முடியவில்லை. ஒரு ஆள் உடம்பெல்லாம் சேறாக வாசலில் வந்து நின்று கத்தினார்: "கம்மாக்கரை அறுக்குது! ஓடியாங்க!"

எங்கள் தெரு மேட்டில் இருந்தது. கண்மாய்க் கரை உடைந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. கரைக்கு நேர் கீழே இருந்தது பெரிய தெரு. முந்தின வருஷம் எங்கள் சபையில் ஒருவர் இறந்தபோது, பிரேதத்தைத் தங்கள் வயல் வரப்பு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். முழங்கால் சகதியில், முள்ளுக்குள் சுற்றிச் சுமந்துகொண்டு போனோம். அந்தக் கோபம் யாருக்கும் ஆறவில்லை. எனக்கும்தான்.

அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஜெபம் பண்ணிட்டுப் போவோம்" என்றேன். ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினால் என்ன என்றுகூட மனசுக்குள் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். முந்தின வருஷம் இறந்துபோனவரின் மனைவி அவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே, "ஓடிக்கிட்டே ஜெபம் பண்ணுங்கய்யா. கீழ புள்ளகுட்டிக இருக்கு" என்றார். சொன்ன வேகத்தில் மழைக்குள் இறங்கிவிட்டார். அவர் பின்னால் சபை முழுவதும் ஓடியது. கோயிலில் நான் மட்டும் நின்றேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஓடினேன்.

கரையில் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்கு உடைப்பு. தண்ணீர் இரைகிற இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. வைக்கோல் கட்டு, மண் மூட்டை, வெட்டிப் போட்ட கிளை எல்லாம் போட்ட மாத்திரத்தில் காணாமல் போயின. "பலகை வேணும்! பெரிய பலகை!" என்று யாரோ அலறினார்கள்.

"கோயில் கதவு இருக்குல்ல!" என்றார் அந்த அம்மா.

எங்கள் பெண்கள் தினமும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துவைத்து, வருஷக்கணக்கில் சேர்த்துச் செய்த கதவு அது. இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. நாலு பேரோடு ஓடிப்போய் இரண்டு கதவையும் பெயர்த்துத் தூக்கி வந்தோம்.

நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, உடைப்பின் குறுக்கே கதவுகளைச் சாய்த்துத் தோளால் முட்டுக் கொடுத்தோம். "விட்டுறாதீங்கய்யா! இன்னும் அமுக்குங்க!" என்று என் காதோரம் ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், அன்றைக்கு வரப்பில் கம்போடு நின்று மறித்த அதே ஆள்! என் தோளும் அவர் தோளும் ஒரே கதவில். மேலிருந்து கூடை கூடையாக மண் விழுந்தது. கொட்டியவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளுக்கு வாய் குழறியது. "ஆத்தா... அன்னைக்கு நாங்க..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் பெறகு பேசலாம்ணே. காலை நல்லா ஊன்றி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கூடைக்குப் போய்விட்டார் அந்த அம்மா.

உச்சிப்பொழுதுக்குத் தண்ணீர் நின்றது. கரை முழுவதும் ஒரே கூச்சல், குதியாட்டம்! யார் எந்தத் தெரு என்று அடையாளம் தெரியாதபடி எல்லார் மேலும் ஒரே சேறு. கீழே ஒரு வீடுகூட விழவில்லை. நான் சிறுபிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன், சிரித்தேன்.

இப்போது எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இயேசுவின் பின்னால் போகிறவர் எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால், மண் கூடையோடு கரையேறிய அந்த அம்மாதான் என் கண் முன்னால் வருகிறார். கொஞ்சம் பிந்தியாவது அவர் பின்னால் நானும் ஓடினேன் என்பதை நினைத்தால் இந்த வயதிலும் உடம்பு சிலிர்க்கிறது.