பெயர் மாறிய பாட்டு

தொம்மலூரில் நடந்த ஒரு ராப் நிகழ்ச்சிக்கு நான் மைக்செட் போட்டிருந்த மாலையில்தான் அந்தப் பாடகரைச் சந்தித்தேன். ஒல்லி உடம்பு, தொடைவரை தொங்கும் கறுப்பு டீ-ஷர்ட். தமிழும் கன்னடமும் கலந்து பாடுவார். பாடும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார்.

முன்பு தன்னோடு சேர்ந்து பாடிய நண்பனுடன் சண்டை வந்து, அவனைப் பெயர் சொல்லித் திட்டி ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார். அவருடைய பாட்டுகளில் ஊரெல்லாம் பரவியது அது ஒன்றுதான். சமாதானம் ஆவதற்குள் அந்த நண்பன் பைக் விபத்தில் இறந்துபோனான்.

அன்றும் கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக் கத்தியது. புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கிப் பார்த்தார், பாட விடவில்லை. கடைசியில் அதையே பாடினார். ஆனால் நண்பனின் பெயர் வரும் இடத்திலெல்லாம் தன் பெயரைச் சொன்னார். கோழை, துரோகி என்று தன்னையே திட்டிக்கொண்டார். கூட்டம் எப்போதும்போல விசிலடித்து ஆடியது.

இறங்கி வந்தவரிடம், "பேரை ஏம்ப்பா மாத்தினே?" என்றேன்.

"பின்னாடி தெருவுலதாண்ணா அவன் ஊடு. இங்க பாடுறது அவங்கம்மாவுக்கு நல்லா கேக்கும்."

"அப்போ பாடாமலே இருந்திருக்கலாமே?"

"வேற எந்தப் பாட்டுக்குண்ணா என்னைக் கூப்புடுறாங்க?"

கூட்டம் மறுபடியும் அதையே கேட்டது. அவர் மேடையேறினார். அந்தத் தெருவைப் பார்த்திருந்த ஸ்பீக்கரை நான் அணைத்தேன். அதற்குள் அந்த அம்மா ஒருமுறை முழுதாகக் கேட்டிருப்பார். மாறிய பெயர் அவர் காதில் விழுந்ததா, பழைய தாளம் மட்டும் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.