மயில்கழுத்து வளையல்

அடி அண்ணாமலையில் சரோஜாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் அவளை எப்படி அடையாளம் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். "ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜுல ரூம் பெருக்குதே, அந்தச் சாப்பிள்ளைக்காரி" என்பார்கள். ஒருத்தி காலமெல்லாம் ஓடியாடி உழைக்கலாம். ஊர் அவளுக்குப் பேர் வைக்க ஒரே ஒரு நாள் போதும்.

அந்த நாள் வந்தது எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரான வருஷம். சரோஜாவுக்கு நிறைமாதம், வீட்டிலேயே வலி கண்டது. பிறந்த பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி மணியம்மாள் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். பிறகு பழைய வேட்டியில் சுற்றிவிட்டாள்.

"ஆணா பொண்ணா?" என்று கேட்டாள் சரோஜா.

"சாப்பிள்ளைக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்?"

முகத்தையும் காட்டவில்லை. பார்த்தால் அடுத்ததும் அப்படியே போகுமாம். புருஷன் முருகையன் வேட்டிச் சுருட்டை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். எந்த இடம் என்று அவன் கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு வலியில் உயிர் போனது. பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்து மார்பை இறுக்கிக் கட்டினார்கள். பூ வாடி நாறும்வரை அப்படியே கிடந்தாள். அதோடு சரி, சரோஜா மல்லிகையைக் கையால் தொட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஓரகத்தி காசியம்மாளின் மகள் அபிநயாவுக்கு அப்போது இரண்டு வயது. காசியம்மாள் கழனிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். குழந்தைக்குச் சோறு ஊட்டியதும் பேன் பார்த்ததும் சரோஜாதான். அம்மை போட்டபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். பீ கழுவ அந்தக் கை ஆகும். வளைகாப்பில் வளையல் போடத்தான் ஆகாது. சாப்பிள்ளை பெற்றவள் போட்டால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்பது சாத்திரம். எந்த வீட்டு வளைகாப்பானாலும் சரோஜாவுக்குச் சமையல்கட்டில் புளிசாதம் கிளறும் உத்தியோகம். அவள் கிளறிய சாதத்தை மட்டும் எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள்.

அபிநயா டவுனில் பி.எஸ்சி. படித்தாள். ஒருநாள் தெருக்குழாயில் எவளோ பழைய வார்த்தையை எடுக்க, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனாள்.

"அதுக்குப் பேரு ஸ்டில் பர்த்து. யாருக்கு வேணா ஆவும். எங்க சித்தி மேல இன்னா தப்பு?"

மறுநாள் லாட்ஜில் ரூம் பெருக்கும்போது சரோஜா அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். புதுச் செருப்பை நடந்து பார்ப்பதுபோல் இரண்டு மூன்று முறை. கடிக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஊரும் மெல்ல நாகரிகமாகிவிட்டது. பிள்ளைகள் படித்தார்கள், வார்த்தையும் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டது. "பாவம், அதுக்கு ஸ்டில் பர்த்து" என்றார்கள். சமையல்கட்டிலிருந்து அவளை வெளியே கூப்பிட்டவர்தான் எவருமில்லை.

இரண்டாயிரத்து எட்டில் அபிநயாவுக்கே வளைகாப்பு. தேரடித் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, மயில்கழுத்து நிறத்தில் ஒற்றைக் கண்ணாடி வளையல் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் சரோஜா. காசியம்மாள் அடுப்பங்கரைக்கு வந்தாள்.

"சம்பந்தி ஜனம் வந்துக்குது சரோஜா. படிச்சவங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இருந்தாலும் நமக்கு எதுக்கு? நீ உள்ளயே இரு."

"சரிக்கா."

சொல்லிவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷம் வளர்த்தவளுக்கு இதுதான் மரியாதை. கொஞ்ச நேரத்தில் அபிநயா தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் சிவப்பும் பச்சையுமாக அடுக்கியிருந்தது. இடது கையை நீட்டினாள்.

"போடு சித்தி."

"வேணாம்டி கண்ணு."

"என்னை வளத்தது நீதான? போடுன்றேன்ல!"

சரோஜா போட்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து டவுன் நர்சிங்ஹோமில் அபிநயாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா "ஐ.யு.டி." என்றாள். சரோஜாவுக்கு விளங்கவில்லை. "கொழந்த உள்ளயே இறந்துடுச்சிம்மா" என்றாள் நர்ஸ். ஒரு துக்கத்துக்கு எத்தனை பேர்! பிரசவம் ஆனதும் குழந்தையைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அபிநயாவின் கையிலேயே கொடுத்தார்கள். "பொண்ணு" என்று யாரும் கேட்காமலே சொன்னாள் நர்ஸ். இறந்து பிறந்தது என்று தாளில் எழுதி, தேதியும் போட்டாள். வாசலில் நின்ற சரோஜாவுக்கு, சொல்லவே கூசுகிறது, பொறாமையாக இருந்தது.

மறுநாள் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனாள். அபிநயாவின் கை மொட்டையாக இருந்தது. கழற்றிய வளையல்களை நர்ஸ் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தாள். சரோஜாவைப் பார்த்ததும் அபிநயா கவரை இழுத்தாள். சிவப்பையும் பச்சையையும் தள்ளித் தள்ளி, மயில்கழுத்தைத் தேடி எடுத்தாள்.

"இத்த எடுத்துனு போ சித்தி."

"கண்ணு..."

"தப்பு என்னுதுதான். அம்மா அவ்ளோ சொல்லியும் கேக்காம, சாப்பிள்ளை பெத்த கைகிட்ட போய் நீட்டினேன் பாரு."

படித்தவள் வாயில் அந்த வார்த்தை பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. 'இனிமே நீயும் என்னோட சமையல்கட்டுலதான்டி நிக்கணும்' என்று சரோஜாவுக்குத் தொண்டைவரை வந்தது. ஊட்டி வளர்த்தவள் இல்லையா, விழுங்கிக்கொண்டாள். வளையலை வாங்கி முந்தானையில் முடிந்தாள். கஞ்சியை டம்ளரில் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குப் பால் கட்டும், வலி தாங்காது. பூக்கடை வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்."

கோபுர வாசலில் பூக்காரி எத்தனை முழம் என்று கேட்டாள். இறுக்கிக் கட்ட நாலு முழமாவது வேண்டியிருக்கும் என்றாள் சரோஜா.