அம்மை குத்த வந்தவர் தேடிய ஐந்தாவது பிள்ளை

எனக்கு எழுபத்தோரு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், ஒன்றும் சோடை போகவில்லை. போன வாரம் சொட்டு மருந்துக்காரப் பெண் வந்து, எத்தனை பிள்ளைகள் என்று மருமகளைக் கேட்டாள். மாசியில் மூன்று மாதக் கரு கலைந்துபோனவள் அவள். வாய் திறக்க நேரமாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டில் குடியிருந்தோம். நாங்கள் நாலு பேர், நான் மூத்தவள். அந்த வருஷம் என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு ஐந்தாம் மாதத்தில் ஒன்று தவறிவிட்டது. ஐயன், எங்கள் அப்பா, அதை வாழையடியில் புதைத்து, குளித்துவிட்டு, ஏர் பூட்டப் போய்விட்டார். தீட்டும் இல்லை, துக்கம் கேட்க வந்தவரும் இல்லை. ஆத்தா மட்டும் யார் கேட்டாலும் ஐந்து பிள்ளைகள் என்பாள்.

மாரியாத்தா நோம்பி கழிந்ததும் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வந்தார். அந்த நாளில் குத்துவதற்குப் பயந்துகொண்டு பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

"எத்தனை புள்ளைங்க?"

முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். "அஞ்சுங்க!"

நிறுத்தி எண்ணினார். நாலு. "அஞ்சாவது எங்க, அம்மணி?"

ஆத்தா கம்பு குத்திக்கொண்டே இருந்தாள். அவர் குதிருக்குள் எட்டிப் பார்த்தார். சோளத்தட்டுப் போரைக் குடை நுனியால் குத்தினார். கோழி ஒன்று கத்திக்கொண்டு ஓடியது. நாங்கள் சிரித்தோம்.

"ஒளிச்சு வெச்சீங்கன்னா உங்கூட்டுக்காரரைப் போலீஸ் கச்சேரிக்குக் கூட்டிப்போயிருவாங்க, பாத்துக்கங்க!"

சத்தம் கேட்டு ஐயன் மண்வெட்டியோடு வந்தார். "ஏனுங்க, அது அஞ்சு மாசத்துல போனதுங்க. மூச்சே உடாதது எப்படிங்க புள்ளையாகும்? இவளுக்குத்தான் புத்தி பெரண்டுபோச்சு."

ஆத்தா ஐயனைப் பார்க்காமல் வந்தவரிடம் சொன்னாள். "துள்ளுச்சுங்க. ஒரு வாரம் வயித்துக்குள்ள துள்ளுச்சுங்க."

அவர் பென்சிலைக் காதில் செருகினார், மறுபடி எடுத்தார். குரல் தணிந்துவிட்டது. "நான் எழுதோணும் அம்மணி. உங்க வாயால ஒரு கணக்குச் சொல்லுங்க."

ஆத்தா உலக்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஐயனைக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று பயந்து அவள் முந்தானையை இழுத்தேன். "நாலுன்னு சொல்லாத்தா."

"நாலுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஐந்து என்று சொல்லி நான் கேட்டதில்லை.

உயிர் மூச்சில் வருகிறதா, துள்ளலில் வருகிறதா? எனக்கும் ஒன்று தவறிப் போயிருக்கிறது. அப்படியும் ஐயன் சொன்னது சரியா, ஆத்தா சொன்னது சரியா என்று தெரியவில்லை. யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. ஆத்தாவைத் தவிர ஐந்து என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். அவளுக்கு இருந்த அந்த ஒரு துணையும் அன்றைக்கு அவள் முந்தானையை இழுத்தது என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.

கண்ணு, எழுத்து கோணலாத்தான் இருக்கும். எதையும் திருத்தாம, உங்கம்மாளுக்குச் சத்தமா ஒருக்கா படிச்சுக் காட்டு சாமி.