மணி அடிப்பது பதில் அல்ல

ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறைகளுக்கு மேல்மாடியில் இருந்தது என் முதல் ஆபீஸ். இன்டர்நெட் வழியாகத் தொலைபேசி பேசுவதற்கு மென்பொருள் எழுதினோம். தொண்ணூறுகளின் கடைசி அது. வெளியே எனக்குத் தெரிந்த யாரும் அப்படிப் பேசியதில்லை. நாங்களே ஒரு மேஜையின் இரண்டு ஓரங்களில் இருந்த கம்ப்யூட்டர்களைத்தான் பேசவிட்டோம். ஒன்று கூப்பிடும், மற்றது எண்ணால் பதில் சொல்லும். அந்த எண்களைச் சரிபார்ப்பது என் வேலை.

ஒன்றில் தொடங்கும் எண் வந்தால், முயற்சி நடக்கிறது, மணி அடிக்கிறது என்று பொருள். அது பதில் அல்ல; காத்திரு, அவ்வளவுதான். இரண்டில் தொடங்கினால் எடுத்துவிட்டார்கள். மூன்றென்றால் வேறு இடத்தில் தேடு. நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் கிடைக்காது என்பதில் பல தினுசு. இதை மனப்பாடம் செய்துகொண்டு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தால், அங்கே என் அக்கா ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

நங்கநல்லூரிலிருந்து வந்து அவளைப் பெண் பார்த்தவர்கள், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். அப்பா அதை முக்கால் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு எம்.பில். இடம் கிடைத்திருந்தது. "அவா என்ன சொல்றான்னு பார்த்துண்டு சேரலாமே" என்று அப்பா அதை நிறுத்தி வைத்தார். அவர் போன் செய்யும்போதெல்லாம் பையனின் அம்மா, அவன் வெளியில் போயிருக்கிறான், வந்ததும் சொல்கிறோம் என்பார். மரியாதையான குரல்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"நானூத்தி எண்பது" என்றேன் ஒரு சாயங்காலம், அப்பா ரிசீவரை வைத்ததும்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்படின்னா?"

"ஆள் இப்போ கிடைக்கலை, அப்பறம் கூப்பிடுன்னு அர்த்தம்."

"ஆத்துல இருந்துண்டே பேச இஷ்டமில்லேன்னா?"

"அதுக்கு அறுநூத்தி மூணு. மாட்டேன்னு மறுக்கறது."

"அதைச் சொல்ல மனசு வரலேன்னா?"

"அப்பவும் நானூத்தி எண்பதே அனுப்பலாம். இந்தப் பக்கத்துலேர்ந்து கண்டுபிடிக்க முடியாது."

கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். பிறகு, "மணி அடிச்சுண்டே இருந்தா, கூப்பிட்டவா காத்துண்டே இருக்கணுமாடா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்னு அவாளே விலகிக்கலாம். பதில் வர்றதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும்."

எனக்கு அது பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் இருந்தது. அவள் எழுந்து போய் டயல் செய்தாள். அப்பா தடுக்க வாயெடுத்தார். கல்யாண விஷயத்தைப் பெண்ணே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

"மாமி, மயிலாப்பூர்லேர்ந்து பேசறேன். நீங்க பார்த்துட்டுப் போன பொண்ணு. நான் மேல படிக்கப் போறேன் மாமி. இந்தப் பேச்சை இத்தோட விட்டுடலாம்னு சொல்லத்தான் பண்ணினேன்."

"சரிம்மா" என்றது மறுமுனை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குரலில் இருந்த நிம்மதி, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"இத்தனை நாளா அவா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று, அக்கா ரிசீவரை வைத்ததும் நான் குதித்தேன்.

"பாவம்டா, அவாளுக்குச் சொல்ல வரலை" என்றாள் அக்கா.

அப்பா காலண்டர் பக்கம் திரும்பினார். பிறகு, காலேஜில் சேர என்றைக்குக் கடைசி என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டு அவள் சர்ட்டிபிகேட் எடுக்கப் பீரோவைத் திறந்தாள். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அழுதாள். நான் அருகில் போனபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மாமி கொஞ்சம் யோசிச்சுட்டாவது சரின்னிருக்கலாம்டா" என்றாள்.