மச்சானின் லாரியும் மலை இறக்கமும்

லோடு ஏற்றும் இடத்தில் அவரைக் கிளட்ச் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய லாரியின் கிளட்சை வருடக்கணக்கில் மிதித்து இடது முழங்கால் தேய்ந்துபோய், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்வார். அந்த நடைக்குக் கிடைத்த பெயர் அது. அவர் கோபப்பட்டதில்லை. உள்ளூர அந்த முழங்கால்மேல் அவருக்கு நன்றிகூட இருந்தது. மலைச் சாலையிலிருந்து அவரைத் தப்பிக்க வைக்க அதைவிட்டால் வேறு எதுவும் இல்லை.

லாரி அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. மலைமேல் குடியிருந்த மாடியும் மச்சானுடையதே. சொந்தத் தொழில் படுத்துப்போய் அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காலத்தில், மச்சான் மாடி அறைகளின் சாவியையும் லாரியின் சாவியையும் ஒன்றாகவே கொடுத்தார். மாலையில் லாரியை வாசலை ஒட்டி நிறுத்தினால், வெளியே போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நழுவ வேண்டும். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் வானம் தெரியாது, தார்ப்பாய்தான் தெரியும்.

மலைமேல் கல் அறுக்கும் பட்டறை. அங்கிருந்து கற்பலகைகளை ஏற்றிக்கொண்டு அடிவாரத்து ஊர்க் கிடங்கில் இறக்க வேண்டும். ஏறும்போது அவருக்கு ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் நாக்கு வறண்டுவிடும். கூடவே இன்னொரு லாரி ஓட்டிய ஒருவர், எப்போதும் பாடிக்கொண்டே வருகிறவர், ஒரு வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போனதை அவர் பின்னாலிருந்து பார்த்திருந்தார். அதை வீட்டில் விபத்துச் செய்தியாகச் சொன்னாரே தவிர, அன்றிலிருந்து தனக்கு இறக்கம் என்றால் உடம்பு நடுங்குகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே, கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன நாளில் அவர் ஏறக்குறைய விசில் அடித்துக்கொண்டே வீடு திரும்பினார். மச்சானிடம் விஷயத்தைச் சொன்னபோது முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டார். மச்சான் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். அடுத்த மாதம் வாசலில் ஒரு புது லாரி நின்றது.

"மாப்ள, இனிமே உங்க காலுக்கு வேலையே இல்ல. ஆட்டோமேட்டிக்! உங்களுக்காகவே வாங்கினது."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணனுக்கு உங்க மேல எவ்ளோ அக்கறை பாருங்க" என்றாள். அவர் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். யாரோ வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் கியர் கம்பியைக் காட்டி விளக்கினார். "சமதரையில டி, அதாவது டிரைவ், போதும். லோடோட ஏத்தத்துல திணறுச்சுன்னா லோ கியர் போடுங்க. இறக்கத்துல மட்டும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லோ போட்டுடணும். டி-லயே விட்டா வேகம் ஏற ஏற வண்டி தானா மேல் கியருக்குப் போயிடும். அப்புறம் இன்ஜின் பிடிச்சுக்காது, பிரேக்க மட்டும்தான் நம்பணும். ஒருவேளை மறந்துட்டீங்கன்னா, வேகத்துல இருக்கும்போது திடுக்குனு லோவுக்கு இழுக்காதீங்க. முதல்ல வேகத்தக் குறைச்சுட்டு, ஒவ்வொண்ணா கீழ வாங்க."

"அட, அதுவே பாத்துக்கும்ங்க. அதுக்குத்தானே ஆட்டோமேட்டிக்" என்று மச்சான் மெக்கானிக்கை வழியனுப்பிவிட்டார்.

முதல் லோடுக்கு மச்சானும் கூட வந்தார். இறக்கத்தின் தொடக்கத்தில் அவர் லோ கியர் போட்டதும் இன்ஜின் குரலை உயர்த்தியது. மச்சான் பதறிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டு, கம்பியை டி-க்குத் தள்ளினார். "புது இன்ஜினை இப்படிக் கதற விடறீங்களே மாப்ள! டீசல் என்ன ஆறா ஓடுது?"

அதற்குப் பிறகு தனியாகப் போகும்போதும் அவர் அந்தக் கம்பியைத் தொடவில்லை. லாரி எங்கே, என்ன வேகத்தில் போகிறது என்று காட்டும் கருவி ஒன்று மச்சானின் போனோடு இணைந்திருந்தது. கொஞ்சம் மெதுவாகப் போனாலும் மச்சான் போன் அடிப்பார். கீழே போய்ச் சேரும்வரை பிரேக்கை மிதித்தபடியே போவார். சேர்ந்ததும் ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடப்பார்.

மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. மகள் அடிவாரத்து ஊரில் இருந்தாள். லாரி எப்படியும் அங்கேதானே போகிறது என்று மனைவி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். மடியில் துணிப்பை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை என்று போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இறக்கத்தின் பாதியில் பேச்சை நிறுத்தினாள். "ஏங்க, ஏதோ கருகற வாசனை வரல?"

அவருக்கு முன்பே வந்துவிட்டது. பிரேக் சூடேறியிருந்தது. வழக்கமாகப் பிடிக்கிற இடத்தைத் தாண்டி இன்னும் மிதிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தடுப்புச் சுவர். முன்னால் ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் ஒருவரின் தலை நொடிக்கு நொடி பெரிதாகிக்கொண்டு வந்தது.

போன் அடித்தது. "அண்ணன்தான்" என்று அவள் கையை நீட்டினாள்.

"அத எடுக்காத!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் கை அந்தரத்தில் நின்றது.

கியர் கம்பியை அப்படியே கீழே இழுத்துவிடத்தான் அவருக்கு முதலில் தோன்றியது. வேகத்தில் இழுக்காதீங்க என்று மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு காலையும் பிரேக்கின் மேல் வைத்து, கெட்டுப்போன முழங்காலில் உயிர் போகிற வலியோடு எழுந்து நின்றபடி மிதித்தார். மிச்சமிருந்த பிரேக் கொஞ்சம் பிடித்தது. வேகம் காட்டும் முள் இறங்கியது. கம்பியை ஒரு படி கீழே இழுத்தார். வண்டி குலுங்கியது. இன்னும் ஒரு படி. கடைசியாக லோ. இன்ஜின் காது கிழிய அலறியது, ஆனால் சட்டையின் பின்பக்கத்தை யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்த மாதிரி லாரி அடங்கியது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் இருந்தது. அந்த இடைவெளி மெல்ல அகன்றது.

சாலை அகலமான ஓரிடம் வந்ததும் ஓரமாக நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. வண்டி உருளாதபடி சக்கரத்தடியில் கல்லை அண்டை கொடுத்துவிட்டு வந்து லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"தண்ணி ஊத்தட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாம். சூட்டோட ஊத்தினா விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும்."

புகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குத் தினமும் இப்படித்தான் இருக்கு. இன்னைக்குப் புகை வந்துச்சு, அவ்ளோதான் வித்தியாசம்."

"தினமுமா? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"உங்க அண்ணன் வீட்டு மாடியில உக்காந்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

 மறுபடி போன் அடித்தபோது அவளே எடுத்தாள். "ஆமாண்ணா, வண்டி நிக்குது. பிரேக்கு புகையுது. இவரு சொல்றப்பதான் கிளம்பும். நீ இன்னொரு தடவ அடிக்காத."

அன்று வண்டி ஆறும்வரை இருந்துவிட்டு, லோ கியரிலேயே ஊர்ந்து இறங்கினார்கள். குழந்தையைக் கையில் வாங்கும்போது அவருக்கு விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. பேரன் பிறந்த சந்தோஷம் என்று மருமகன் நினைத்துக்கொண்டார்.

மச்சான் பிரேக்கைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். கியர் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மனைவி, வேறு டிரைவர் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது, மச்சான் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டார். "உங்கள விட்டா எனக்கு நம்பிக்கையான ஆளு யாரு மாப்ள இருக்கா?" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. அதனாலேயே மாப்பிள்ளையால் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட முடியவில்லை.

இப்போதும் அவர்தான் ஓட்டுகிறார். உச்சியில் சமதரை முடிவதற்குள் நிறுத்தி, லோ போட்டுவிட்டுத்தான் இறங்குவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போகிறார்கள். அடிவாரத்தில் தரை நேரானதும் டி-க்கு மாற்றிக்கொள்வார்.

சாயங்காலம் மனைவி மாடிப்படியிலேயே நின்று கேட்கிறாள், "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"வண்டி நல்லாத்தான் நின்னுச்சு" என்கிறார். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்குத்தான் கை வேர்த்துச்சு" என்கிறார்.