ஹரி சார் கையால் செத்தவர்களுக்கு

வித்துராவில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அனிலின் போன் வந்தது. "ஜெசி சேச்சீ, ஹரி சார் போயி" என்றான். பஸ் வந்தது, ஏறாமல் விட்டுவிட்டேன். தம்பானூரில் அனிலின் விளையாட்டுக் கடை மாடியில், வருடத்துக்கு ஒரு நாள் ஹரிஹரன் சார் கையால் செத்தவர்கள் நாம் எல்லோரும். நம்மைக் கொன்றவரே போய்விட்டார் என்றால் எப்படி நம்புவது?

இந்த ஆட்டம் தெரியாத அவருடைய வலியசாலை உறவினர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி ஆறு பேர், ஆளுக்கொரு வேடம். சார் கதையை நடத்துவார். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்லுவோம். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். காலை பத்து மணிக்குப் பாதாளக் கோட்டைக்குள் இறங்கினால் மாலை ஆறுக்குள் ஒருவராவது உயிரோடு வெளியே வர வேண்டும். வருடத்துக்கு வருடம் கோட்டை புதிது. ஐந்து வருடம் ஒருவரும் வெளியே வந்ததில்லை.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த இருக்கை அவருடையது. அங்கே ஈயைக்கூட அதட்டாத மனிதர், கடை மாடியில் எமன். ஆனால் பகடையை மறைத்து உருட்டவே மாட்டார். வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து, எல்லோர் கண்ணெதிரிலும் 'டங்'கென்று போடுவார். "கொல்றதானாலும் தாம்பாளத்துல வச்சுன்னா கொல்லணும், கேட்டேளா" என்பார்.

முதல் வருடம் முதலில் செத்தது நான்தான். பதினோரு மணிகூட ஆகவில்லை, குழியில் விழுந்தேன். சார் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். மேலே 'கடைசியாகப் பார்த்தது' என்று தலைப்பு, கீழே என் வேடம் சாகுமுன் கண்டது ஒரு வரியில். எனக்கு வந்த கோபத்தில் வாயை இறுக்கிக்கொண்டு ஜன்னலோர பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் எல்லோருக்கும் டீ போட்டேன். அடுத்துச் செத்த அனிலும் அப்படியே செய்தான். அதுவே வழக்கமாகிவிட்டது: செத்தவர் பேசக்கூடாது, டீ போட வேண்டும். சீட்டை ஆறுதல் பரிசு என்று நினைத்து, கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று படம் பிடித்துப் போட்டோம். சார் சிரித்துக்கொண்டே அடுத்துச் செத்தவருக்குச் சீட்டு எழுதுவார்.

போன வருடம் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இது ஜெயிக்கவே முடியாத ஆட்டம் என்று அனில் விளையாட்டாகச் சொன்னபோது சாரின் முகம் வாடிப்போயிற்று. "வழி இருக்குடா. வருஷா வருஷம் வச்சுண்டுதான் இருக்கேன். நான் இருக்கறச்சே யாராவது கண்டுபிடிச்சாக் கொள்ளாம், நன்னாருக்கும்" என்றார். அப்படியானால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் சண்டைக்குப் போனேன். "சொல்லிக் குடுத்து ஜெயிச்சா அது ஜெயமா, ஜெசி?" என்று சிரித்தார்.

அவர் நடத்திய கடைசி ஆட்டம் அது. முடி கொட்டிய தலையில் தொப்பியோடு வந்தார். ஐந்தரைக்கெல்லாம் ஐந்து பேர் பெஞ்சில். நான் மட்டும் கடைசிக் கதவுக்கு முன்னால், காவல் பூதத்துக்கு எதிரே, கையில் ஒடிந்த வாளோடு. சார் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னை யாராவது தோற்கடிக்க மாட்டார்களா என்று அந்த மனுஷன் தவித்ததைப் பார்க்க எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அனில் டீ கொண்டுவந்து வைத்தான். அவன் சட்டைப் பையில் அன்று செத்ததற்குக் கிடைத்த சீட்டு எட்டிப் பார்த்தது.

"சார், செத்தவங்ககிட்ட கேக்கலாமா?" என்றேன்.

சாரின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "கேக்கப்படாதுன்னு நான் எப்போ சொன்னேன்?"

எப்பா! ஐந்து வருடம் அவர்கள் வாயைக் கட்டி வைத்தது நான்தான்.

ஐந்து பேரும் தங்கள் சீட்டை எடுத்து ஆளுக்கொரு வரி படித்தார்கள். மணிச்சத்தம் கேட்டால் பூதம் கண்ணை மூடும். வாசலில் கிடக்கும் செம்புப் பானையைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். பூதத்தின் காலில் சங்கிலி, நாலடிக்கு மேல் வராது. வலது சுவரை ஒட்டி நடந்தால் எட்டாது. கதவுக்குப் பூட்டே கிடையாது.

பானையை வாளால் தட்டினேன். சுவரை ஒட்டி நழுவ, பகடையில் குறைந்தது பதினைந்து விழ வேண்டும். தாம்பாளத்தில் போட்டேன். பதினேழு! நான் வெளியே வந்துவிட்டேன். அந்த மாடியில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது, தோற்றுப்போன ஹரி சார்தான். "ஜெயிச்சாச்சு! தாம்பாளத்துல ஜெயிச்சாச்சு!"

சடங்குகள் முடிந்தபின் அவர் மனைவி லலிதா என்னை அழைத்துத் தாம்பாளத்தைக் கையில் கொடுத்தார். வரும் ஆட்டத்தை நடத்தப்போவது நான். எல்லோரும் வாருங்கள், ஒருவரையும் விடுவதாக இல்லை. தாம்பாளத்தின் மேல் ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. அதைத்தான் என் போன் உறைக்குள் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எழுதியது, எழுத்து கொஞ்சம் கோணல்.

'கடைசியாகப் பார்த்தது: செத்தவா அஞ்சு பேரும் எழுந்து நின்னு கை தட்டினா. ஜெசி மேசை மேல ஏறிட்டா.'