அங்குலத்துக்கு நூறு புள்ளி

ஸ்கேன் கடை வேலை என்றால் வேறொன்றும் இல்லை. மூடியைத் திறந்து, படத்தைக் குப்புறப் போட்டு, பட்டனை அமுக்கிவிட்டு, அப்புறம் விழுகிற ஏச்சையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும் வேலை. ஜெராக்ஸ் கடையிலும் ஸ்டுடியோவிலும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிற என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேசைக்கு முன்னால் நிற்கிறவர்கள் கொஞ்சம் கேளுங்கள்.

நான் பூம்பாறையில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படித்து, செண்பகனூரில் வாக்கப்பட்டவள். வெள்ளனே எழுந்து சோறாக்கி, மூன்று வயது மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற கடையைத் திறப்பேன். எனக்குச் சிரித்த முகம். அதனால் ஏச்சு எனக்குக் கொஞ்சம் கூடவே விழும்.

பெட்டிக்குள் ஏறியவர்

முருகாயி அக்கா கவுஞ்சியிலிருந்து வந்தார். பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் கூலி வேலை செய்கிறவர். அவர் வீட்டுக்காரர் தங்கராசு, போன வருசம் லாரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; எழுந்திருக்கவில்லை. வருசத் திதிக்கு வீட்டில் அவர் படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டும். மனிதர் கடைசிவரை பட்டன் போன்தான் வைத்திருந்தார். போட்டோ என்றாலே ஒதுங்கிப் போய்விடுவாராம். இருந்தது ஒரே ஒரு படம். கல்யாணம் முடிந்து, பழனி அடிவாரத்தில் இரண்டு வீட்டு ஆட்களும் கூட்டமாக நின்று எடுத்தது. அதில் மட்டும் மாலையும் கழுத்துமாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் என் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். "ஆதார் அட்டையில ஒரு படம் இருக்குமேக்கா?" என்று கேட்டேன். "அதப் பெருசு பண்ணி மாட்டுனா பிள்ளைக வீட்டுக்குள்ள வரப் பயப்படும் தாயி" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பால்வாடி விடுகிற நேரமாகிவிட்டது. நான் ஓடிப்போய் மகளைக் கூட்டிவருவதற்குள் முதலாளி அண்ணனே வேலையை முடித்துவிட்டார். மலை ஈரத்தில் அந்தப் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. பிரிக்க வராததால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து எடுத்திருக்கிறார். போட்டோ பேப்பர் வத்தலக்குண்டிலிருந்து வர வேண்டும், வந்ததும் போட்டுத் தருகிறோம் என்றார். புதுப் பிரேம் எதற்கு, இதையே வீட்டில் சுத்தம் பண்ணிக் கொண்டுவந்தால் இதிலேயே மாட்டித் தருகிறோம் என்றும் சொன்னார். அக்கா பிரேமை மார்போடு அணைத்துக்கொண்டு, படம் பத்திரமாக இருக்குமா என்று இரண்டு தடவை கேட்டார். முதலாளி ஸ்கேனர் மூடியை ஒரு தட்டுத் தட்டினார்.

"பெட்டிக்குள்ள ஏறிட்டாருக்கா. இனிமே அவருக்குச் சாவே கெடையாது."

அரைக் குழிக் காடு

இந்த இடத்தில் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் படத்தைப் புள்ளி புள்ளியாகத்தான் பார்க்கும். ஒரு அங்குலத்துக்கு நூறு புள்ளி என்று வைத்தால் எழுத்தைப் படிக்கலாம். சின்ன முகத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் அறுநூறாவது வைக்க வேண்டும். பாத்தியில் பூண்டுப் பல் ஊன்றுகிற மாதிரிதான் இது. தள்ளித் தள்ளி ஊன்றிவிட்டு, அப்புறம் பாத்தியை அகலமாக்கினால் நடுவில் பூண்டு முளைக்காது. வெறும் மண்தான் கிடக்கும். எங்கள் பெட்டி எப்போதும் நூறில்தான் நிற்கும். முருகாயி அக்கா வந்த அன்றைக்கும் நூறில்தான் நின்றது. அது எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

ஏன் நூறு? கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டா, சாதிச் சான்றிதழ், ரேசன் கார்டு என்று வருகிறவர்கள். அதையெல்லாம் ஏற்றுகிற அரசாங்க இணையதளம் சின்ன ஃபைலைத்தான் வாங்கும். போன மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு போட்டோவுக்காக அறுநூறு வைத்திருந்தேன். அடுத்து வந்த பெரியவரின் பட்டாவும் அதே அளவில் ஏறிவிட்டது. தளம் திரும்பத் திரும்ப 'அளவு பெரிது' என்று தள்ளியது. அவரை உட்காரவைத்து மறுபடி எடுப்பதற்குள் தளம் படுத்துவிட்டது. அவருடைய கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அன்றோடு நூறை யாரும் தொடக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எங்காடு அரைக் குழி நெலம்மா. அதோட பேப்பரு மட்டும் கவர்மெண்டுக்கு ரொம்பப் பெருசாத் தெரியுதாக்கும்?"

சுவர் முழுக்க மூடுபனி

போட்டோ பேப்பருக்குக் காத்திருந்த வாரத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருத்தர் வந்தார். அவர் அப்பா காலத்தில் எடுத்த மலைப் படம் ஒன்றை எங்கோ நூறில் ஸ்கேன் பண்ணி, அதை வாட்ஸப்பில் வாங்கி, மேலும் சுருக்கி வைத்திருந்தார். அது அவருக்கு வரவேற்பறைச் சுவர் முழுக்க வேண்டுமாம். சார், இது சுவருக்குத் தாங்காது, பழைய படத்தையே கொண்டுவாங்க என்றேன். போனில் பார்த்தால் பளிச்சென்று இருக்கிறதே என்றார். உள்ளங்கை அளவில் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். கேட்கவில்லை, வேறு எங்கோ கொடுத்து ஃபிளெக்ஸாகவே அடித்துவிட்டார்.

மறுநாள் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் விரித்தார். கிட்டப் போனால் கட்டம் கட்டமாக இருந்தது. ஏச்சுக்குத் தயாராக நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். மனிதர் தள்ளி நின்று பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், சிரித்தேவிட்டார். அவரால் முடியும். படத்தில் இருந்தது மலை. மலைக்குக் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது.

"விடுங்க மேடம். கெஸ்ட் கேட்டா கொடைக்கானல் மிஸ்ட்டுன்னு சொல்லிக்கிறேன். கீழ இருந்து வர்றவங்க அதுக்குத்தான காசு குடுக்குறாங்க?"

கரண்ட் போய் வந்தால்

அதே வாரத்தில் ஒரு டீச்சர் கல்யாண ஆல்பத்தோடு வந்தார். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். நான் தைரியமாக அறுநூறு வைத்து இரண்டு படம் எடுத்தேன். கரண்ட் போய் வந்தது. மிச்சப் படங்களை வரிசையாக எடுத்து முடித்துத் திறந்து பார்த்தால், முதல் இரண்டைத் தவிர எல்லாம் நூறு. கரண்ட் போனால் பெட்டி தன் பழைய புத்திக்குத் திரும்பிவிடுகிறது. அன்றைக்கே ஒரு தாளில் 'போட்டோவா? அறுநூறு இருக்கா என்று பார்க்கவும்' என்று எழுதி மூடியில் ஒட்டினேன். முதலாளி அதன் மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டார். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, மறுபடி ஆல்பத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா. காலையில சொல்லிச் சொல்லி அனுப்புவேன். ஒருதடவ தூங்கி எந்திரிச்சா பழையபடி ஆயிருவாரு."

வெந்நீர்

பேப்பர் வந்தது. முருகாயி அக்காவின் ஃபைலைத் திறந்து தங்கராசுவின் முகத்தைப் பெரிதாக்கினேன். சிரிப்பு இருந்த இடத்தில் நாலு வெள்ளைக் கட்டம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டம். பிரிண்டர் கோளாறாக இருக்குமோ என்று ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், பேப்பரிலும் கட்டம்தான். ஃபைலின் விவரத்தைத் திறந்தால் அங்கே நூறு நின்றுகொண்டிருந்தது. போனால் போகிறது, மறுபடி எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, பிரேமோடு வெரசா வாங்கக்கா என்றேன்.

அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். துணியில் சுற்றிய பிரேமை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. படம் எங்கேக்கா என்றேன். "தம்பிதான சுத்தம் பண்ணி எடுத்தாரச் சொன்னாரு? பிரிச்சா வரல. வெந்நிய ஊத்தி ஊற வச்சு, நாரப் போட்டுத் தேச்சேன். கூழாட்டம் வழிஞ்சு போச்சு" என்றார், வேலையைச் சுத்தமாக முடித்தவருக்கு உள்ள நிறைவோடு. வேறு பிரதி இருக்கிறதா என்றேன். அந்தக் காலத்தில் போட்டதே ஒரு பிரிண்ட்தானாம். எடுத்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறதாம். முதலாளிக்கு அந்த நேரம் பார்த்து போனில் ஏதோ அவசர சோலி வந்துவிட்டது. நான்தான் கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தக் கட்டங்களைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், ஸ்கேனரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"பெட்டிக்குள்ள இருக்காருன்னு நீங்கதான தம்பி சொன்னீங்க? வெளிய எடுங்க."

பல் வரிசை

முதலாளி போனை வைத்தார், உடனே அதே போனில் ஒரு ஆப்பை இறக்கினார். மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருகிற ஆப். என்னிடம் ஃபைலை அனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு மனிதர் வந்து நின்றார். நல்ல நிறம், எடுப்பான மூக்கு, சிரித்தால் சோளக்கதிர் மாதிரிப் பல். இல்லாத புள்ளிகளை அந்த ஆப் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டிருந்தது, அவ்வளவுதான். தங்கராசுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும் என்று அக்கா முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். உடைந்தது தெரிகிற மாதிரி அவர் சிரித்ததே கல்யாணத்தன்று மட்டும்தானாம்.

"ஏக்கா, மாலையப் போட்டு ஒசர மாட்டிட்டா யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்றார் முதலாளி. அக்கா அந்தப் போனைக் கையில் வாங்கி, மரியாதையாக, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆளு நல்லாத்தான் இருக்காரு. பல்லு வரிசையா இருக்கு. ஆனா இவரு எங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே தம்பி."

கலையாத அளவு

கடைசியில் நான் உள்ளதைச் சொன்னேன். நூறு புள்ளியில் எடுத்த முகம் பழைய படத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்குத்தான் தாங்கும். மாலையும் தோளும் சேர்த்துப் போட்டால் ஸ்டாம்பு அளவுக்கு வரும், அதற்கு மேல் இழுத்தால் ஆள் கலைந்துவிடுவார் என்றேன். "கலையாத அளவுல குடு தாயி" என்றார். மூன்று தடவை பிரிண்ட் போட்டு, நல்லதாக ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் சிரிப்பு தெரிந்தது. உடைந்த பல் தெரியவில்லை. ஆனால் அங்கே ஏதோ ஒரு இடைவெளி இருக்கிறது என்று, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

சின்னப் பிரேம் ஒன்றைக் கடைக் கணக்கில் தருவதாக முதலாளி சொன்னார். அக்கா அதைத் தொடவில்லை. தான் தேய்த்துக் கொண்டுவந்த பெரிய பிரேமைத்தான் நீட்டினார். உள்ளே வெள்ளை அட்டை வைத்து, நடுவில் ஒட்டப் போனேன். நடுவில் வேண்டாம், கீழே ஓரமாக வை என்றார். அவ்வளவு பெரிய வெள்ளைக்குள் ஒரு மூலையில் தங்கராசு ஒண்டிக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா பிரேமைத் துணியில் சுற்றிக்கொண்டே, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"உசுரோட இருந்தப்பவும் வீட்ல ஒரு மூலையிலதான் உக்காந்திருப்பாரு தாயி. கிட்டப் போனாத்தான் சிரிக்காரா இல்லையான்னே தெரியும்."

இப்போது பெட்டிக்கு மேலே 'உங்கள் நினைவுகள் இங்கே பத்திரமாகப் பாதுகாக்கப்படும்' என்று முதலாளி ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்; எங்கள் கடையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டம் விழாமல் வந்தது அது ஒன்றுதான்.